ஒரு பிடி குருணை

"மிளகாய்க்குன்னு தனியா ஒரு மிஷின் வச்சா என்ன?"

குழல்வாய்மொழி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஒன்பது வயது. 1971ஆம் வருஷம். தென்காசியில் முகம்மது மீரானின் மாவு மில்லில், அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுக அவள் நின்றுகொண்டிருந்தாள். யாரோ ஒருவருடைய மிளகாய் வற்றல் அரைபட்டுக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற பெண்கள் தும்மலுக்கு நடுவே சிரித்தார்கள்.

மீரான் பாயும் சிரித்தார். "வைக்கலாம் தாயி. ஆனா மிளகாய் தினமுமா வருது? வாரத்துல ஒரு நா வரும். மத்த நாளெல்லாம் அந்த மிஷின் என்னைப் பார்க்கும், நான் அதைப் பார்ப்பேன், புதுசாக் கல்யாணம் ஆனவங்க மாதிரி."

அந்த மில்லில் எங்கும் எழுதி வைக்காத வழக்கம் ஒன்று இருந்தது. மிளகாய் அரைத்து முடித்தவர் போகும்போது ஒரு பிடி அரிசிக் குருணையை மிஷினில் போட்டு ஓட்டிவிட்டுப் போக வேண்டும். குருணை மாவு சிவப்பாக விழும். அதில் மிஷினுக்குள் ஒட்டியிருந்த காரம் வெளியே வந்துவிடும். மில்லில் வேலை செய்த வள்ளித்தாய் அந்தச் சிவந்த மாவைத் தன் வீட்டுக் கோழிகளுக்கு எடுத்துப் போவாள். கோழிக்குக் காரம் உறைக்காது. அடுத்து அரைக்க வருகிறவருக்கு அந்தப் பிடியைப் போட்டது யார் என்று தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அவர்கள் வீட்டு மாவு வெள்ளையாக இருக்கும், அவ்வளவுதான்.

ஏழு வருஷம் கழித்து மீரான் பாய் மிளகாய்க்கென்று ஒரு மிஷின் வாங்கிப் பக்கத்து அறையில் வைத்தார். அப்போது குழல்வாய்மொழி, வீட்டாருக்குக் குழலி, மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். "உன் மிஷின் வந்தாச்சு" என்று அம்மா கடிதத்தில் எழுதியிருந்தாள்.

*

1986ஆம் வருஷம் ஆடி மாதம் குழலி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். இப்போது அவள் பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி. தாலுகா ஆபீசில் வேலை பார்த்த அவளுடைய அப்பா குற்றாலநாதனிடம், மகள் எதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "பவுடர்" என்பார். "முகத்துக்குப் போடுததா அண்ணாச்சி?" என்று அடுத்த கேள்வி வரும். ஒருநாள் அவர் பொறுக்க மாட்டாமல் மகளையே கேட்டுவிட்டார்.

குழலி பொறுமையாகச் சொன்னாள். எந்த உப்பையும் கல்லையும் பொடித்துத் தூளாக்கி, அதன்மேல் எக்ஸ்ரே ஒளியைப் பாய்ச்சினால், ஒளி சில கோணங்களில் மட்டும் சிதறும். அந்தக் கோணங்களை அளந்தால், உள்ளே அணுக்கள் எவ்வளவு இடைவெளி விட்டு அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கணக்கிடலாம். பெங்களூரில் இருக்கும் எக்ஸ்ரே மிஷினில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டித் தடித்துத் தெரிகின்றன. இங்கிலாந்தில் பெரிய வளையம் ஒன்று கட்டியிருக்கிறார்கள். அதற்குள் எலெக்ட்ரான்கள் சுற்றி ஓடும். திரும்புகிற இடத்திலெல்லாம் அவை ஒளியைச் சிந்தும். அந்த ஒளியில் பார்த்தால் ஒட்டிய கோடுகள் பிரிந்து, ஊசி ஊசியாய்த் தெரியும்.

"சிந்துத ஒளியை எப்படிப் பிடிக்கது?"

"குளத்துக்கு மடை இருக்கில்லாப்பா? அதே மாதிரி வளையத்தைச் சுத்தி ஒளிக்கு மடை வச்சிருக்காங்க. பீம்லைன்னு சொல்லுவாங்க. ஒவ்வொரு மடையிலயும் ஒவ்வொரு வேலை."

"உன் தூளுக்கு எந்த மடை?"

"அதுதாம்பா சண்டை. தூளுக்குன்னு தனி மடை கிடையாது. ஒரே மடையில மூணு விதமான வேலை. முறை வச்சு மாத்தி மாத்திச் செய்யணும். ஒவ்வொரு தடவையும் முன்னால இருந்தவங்க சாமானைக் கழத்தி, நம்ம சாமானை மாட்டி, எல்லாத்தையும் நேர் பண்ணுததுக்குள்ள கொடுத்த நாளுல பாதி போயிரும்."

அப்பா தலையாட்டினார். கடை மடைக்காரனின் கஷ்டம் தாலுகா ஆபீஸ்காரருக்குத் தெரியாததா?

அந்த வாரம் பெங்களூரிலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. அதில் இரண்டு சங்கதிகள் இருந்தன. ஒன்று, குழலியும் அவளுடைய பேராசிரியர் வெங்கடேஸ்வரனும் எழுதிய கட்டுரையின் அச்சுப்படி. பிழை திருத்தி அனுப்பினால் அடுத்த மாதம் வெளிவந்துவிடும். அவளுடைய பட்டமே அந்தக் கட்டுரையை நம்பித்தான் இருந்தது. ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்த காலம் வருகிற மார்ச்சோடு முடிகிறது.

மற்றொன்று, இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு படிவம். அந்த மடையை இனித் தூள் வேலைக்கு மட்டும் ஒதுக்கலாமா, இல்லை இப்போது போலவே எல்லாருக்கும் பொதுவாக வைக்கலாமா என்று, அதைப் பயன்படுத்துகிறவர்களிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். பொதுவாக இருப்பதால் யாருக்காவது நேரம் வீணாகியிருந்தால் அதையும் எழுதச் சொல்லியிருந்தார்கள். கடைசியில் ஒரு கட்டம்: நேர இழப்புக்குக் காரணமானவர் பெயர். அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு விதி. இழந்த நேரம், காரணமானவர்களின் அடுத்த முறையிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படும்.

குழலி அந்தக் கட்டத்தைக் கவனிக்கவே இல்லை. தனி மடை வேண்டும் என்று நாலு பக்கம் எழுத மனசுக்குள் வாக்கியங்கள் ஓடின. ஒன்பது வயதில் கேட்டதைத்தானே இப்போதும் கேட்கப்போகிறாள் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது.

*

சீசன் வந்துவிட்டால் தென்காசிக்காரர்களுக்குச் சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். ஆலங்குளத்திலிருந்து பெரியப்பா குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவதாகவும், நாலைந்து நாள் தங்கிக் குற்றாலத்தில் குளிக்கப்போவதாகவும் கார்டு போட்டிருந்தார். கார்டு வந்தது சனிக்கிழமை மத்தியானம்.

"இடியாப்பத்துக்கு மாவு இல்லையே" என்று அம்மா விஜயம் பதறினாள். பச்சரிசியைக் களைந்து உலர்த்தி எடுத்துக்கொண்டு அவளும் குழலியும் மில்லுக்குப் போனபோது மணி ஐந்து. மிளகாய் மிஷின் மோட்டார் எரிந்து, காயில் கட்டத் திருநெல்வேலிக்குப் போயிருந்தது. அதனால் அரிசி மிஷினிலேயே மிளகாயும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த தெரு ரெங்கம்மாளின் மிளகாய். கூடையில் பாதி இன்னும் மீதி இருந்தது.

"என்ன மதினி, மூச்சு வாங்க வாரீக?"

"ஆலங்குளத்து அத்தான் வீட்டுல எல்லாரும் வராக ரெங்கம்மா. காலையில இடியாப்பம் வைக்கணும். கரண்டு வேற ஆறு மணிக்குப் போயிரும்கான்."

ரெங்கம்மாள் யோசிக்கவில்லை. கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நீங்க போடுங்க. எனக்கென்ன, மிச்சத்தைத் திங்கக்கிழமை அரைச்சுக்கிடுதேன். ஏசுதாசா, மதினிக்கு முதல்ல போட்டுக் குடு." சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

ஏசுதாசன் மில்லுக்கு வந்து ஐந்து வருஷந்தான் ஆகிறது. வள்ளித்தாய்க்கு வயதாகி வேலையை விட்ட பிறகு வந்தவன். அவன் துணியால் மிஷின் வாயைத் துடைத்தான், அரிசியைக் கொட்டினான்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா முதல் வாய் இடியாப்பத்தைச் சொதியில் தோய்த்து வாயில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ருசியினால் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"விஜயம், சொதியில எத்தனை மிளகாம்மா போட்ட?"

"ரெண்டே ரெண்டு பச்ச மிளகா அத்தான்!"

"ரெண்டா? எனக்குக் காதுல புகை வருது."

அவருடைய பேத்தி வெறும் தேங்காய்ப்பாலும் சீனியும் ஊற்றித் தின்றுகொண்டிருந்தாள். அவளும் திடீரென்று வீல் என்று அழுதாள். "பாலு உறைக்கி!"

"பாலு எப்படிட்டி உறைக்கும்?" என்றார் அப்பா. ஒரு வாய் எடுத்துப் போட்டவர், செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார்.

குழலி சொதியைத் தனியாக நக்கிப் பார்த்தாள். காரம் இல்லை. தேங்காய்ப்பாலிலும் இல்லை. அவித்து வைத்திருந்த ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு துண்டு பிட்டுத் தின்றாள். முதல் தட்டில் எவ்வளவு காரமோ கடைசித் தட்டிலும் அவ்வளவே. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அடுக்களையில கை தவறி விழுந்த மிளகா இல்லம்மா" என்றாள். "அப்படின்னா ஒரு இடத்துல உறைக்கும், ஒரு இடத்துல உறைக்காது. எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கு. மாவு வீட்டுக்கு வரதுக்கு முந்தியே..."

சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். எச்சில் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

எல்லாவற்றிலும் ஒரே மாதிரி.

கையைக் கழுவிவிட்டு உள்ளே போய் அச்சுப்படியை எடுத்தாள். அவர்கள் கண்டுபிடித்தது இதுதான்: அவர்கள் ஆராய்ந்த தூளில் வேறொரு உலோகத்தைச் சிறிது சேர்த்தால் அதன் படிகம் சுருங்குகிறது. நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உயரத்திலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூன்றும் இப்படி ஒத்து வந்ததைப் பார்த்து மார்ச் மாதம் அவள் மகிழ்ந்து போயிருந்தாள். அந்தப் படிகத்துக்கு நீளம் வேறு, அகலம் வேறு, உயரம் வேறு. மூன்றும் ஒரே விகிதத்தில் சுருங்க ஒரு காரணமும் இல்லை. அளந்த கோல் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகியிருந்தால் மட்டும் அப்படி வரும்.

உலோகம் சேர்க்காத தூளை அளந்தது முந்தின நவம்பரில். சேர்த்த தூளை அளந்தது மார்ச்சில். இடையில் அந்த மடையில் ஒளியின் அலைநீளத்தை மாற்றி வேலை செய்தவர்கள் இருந்தார்கள்.

வெளியே அப்பாவின் குரல் கேட்டது. "நேத்து நமக்கு முன்னால யாரு மிளகா அரைச்சா? மீரான்கிட்ட போய்க் கேக்காம விடமாட்டேன்."

"நான் கவனிக்கலை" என்றாள் அம்மா.

குழலி வாசற்படியில் நின்று அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை.

"வாங்கிட்டு வந்தவ நான். ஒரு பிடி போட்டுப் பார்த்துருக்கணும். என் தப்பு. இருங்க, தோசை ஊத்துதேன்" என்று அடுக்களைக்குள் போய்விட்டாள்.

குழலி பின்னாலேயே போனாள். "ரெங்கம்மாக்கான்னு ஏம்மா சொல்லலை?"

அம்மா தோசைக்கல்லில் எண்ணெய் தடவினாள். "அவ நமக்கு வழி விட்டுட்டுப் போனாட்டி. பாதியில கூடையைத் தூக்குனவளுக்குக் குருணை ஞாபகம் வருமா? அவ போட மறந்தா, நாம போட்டுக்கிட வேண்டியதுதான். அதுக்குப் பேரைச் சொல்லணுமாக்கும்."

*

மார்ச் மாதம் நடந்ததைக் குழலி வீட்டில் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

இங்கிலாந்து போனவளுக்கு அங்கே கொடுத்திருந்தது ஒரே ஒரு நாள். அந்த நாளில் வளையமே பழுதாகி நின்றுவிட்டது. பழுது பார்த்து முடித்தபோது அவளுடைய முறை போய்விட்டது. அடுத்த முறை போலந்து நாட்டிலிருந்து வந்த ஒருவருடையது. நரைத்த தாடி, முழங்கையில் ஒட்டுப்போட்ட கோட்டு. அவருக்கும் அபூர்வமாகத்தான் இடம் கிடைக்கும், இனி நவம்பரில்தான் என்று சொன்னார்கள். கான்டீனில் தனியாக உட்கார்ந்து வெறும் ரொட்டியை முழுங்க முடியாமல் இருந்தவளிடம் அவர் வந்தார். அவருக்கும் ஆங்கிலம் கொஞ்சந்தான். "என் கடைசி எட்டு மணி நேரம் உனக்கு" என்றார். அவள் மறுத்தபோது கையை வீசிச் சிரித்தார்.

சொன்னபடி தன் வேலையைப் பாதியில் நிறுத்தினார். அவளுக்கு ஒரு நிமிஷமும் வீணாகக் கூடாதென்று ஓட்டமாக ஓடித் தன் சாமான்களைக் கழற்றினார். மடையில் ஒளியின் அலைநீளத்தைத் தீர்மானிக்கிற படிகம் ஒன்று உண்டு; தன் வேலைக்காகத் திருப்பியிருந்த அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தார். அங்கேதான் ஒரு மயிரிழை தள்ளி நின்றிருக்கிறது. மாற்றியதையும் திரும்ப வைத்ததையும் நோட்டில் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. அந்த அவசரத்தில் அவர் எழுதவில்லை.

எந்தத் தூளை அளக்கும் முன்பும் சிலிக்கான் தூளைப் போட்டு அளந்து பார்க்க வேண்டும். அதன் அளவு உலகத்துக்கே தெரியும். அதை வைத்து ஒளியின் அலைநீளத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அதற்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். கையில் இருப்பதே எட்டு மணி நேரம். குழலி நோட்டைப் புரட்டினாள். அலைநீளத்தின் பழைய எண் இருந்தது. அதை நம்பி நேரே தன் தூளைப் போட்டுவிட்டாள்.

அவள் போடாமல் விட்ட ஒரு பிடி அதுதான்.

*

திங்கட்கிழமை காலை பெங்களூருக்கு டிரங்கால் போட மீரான் பாயின் மில்லுக்குப் போனாள். பக்கத்தில் போன் இருந்தது அங்கேதான். லைன் கிடைத்தபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மில் முழுவதும் கேட்கும்படி அவள் கத்த வேண்டியதாயிற்று.

"சார், பேப்பரை நிறுத்தணும் சார்! நம்ம எண் தப்பு! நான் சிலிக்கான் போடலை!"

"என்ன போடலை?" என்று பேராசிரியர் அங்கிருந்து கத்தினார்.

"சிலிக்கான்! தூள்! சிலிக்கான் தூள்!"

"மஞ்சத்தூளா யக்கா?" என்றான் ஏசுதாசன். மீரான் பாய் அவனை அதட்டி மிஷினை நிறுத்தச் சொன்னார். இப்போது வரிசையில் நின்ற எல்லாருக்கும் அவள் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

அவள் விவரம் சொன்னாள். பேராசிரியர் நல்ல மனுஷர். கோபிக்கவில்லை. "மூணு பக்கமும் ஒரே விகிதம்னு நானும்தானே பார்த்தேன். எனக்கும் தோணலையே" என்றார். பிறகு, "சரி, திரும்ப அளக்கணும். உனக்கு மார்ச் வரைக்கும்தான் காலம். புதுசா விண்ணப்பம் போட்டா ஒரு வருஷம் ஆகும். நீட்டிக் கேட்டுப் பார்க்கலாம், கிடைக்கும்னு நான் சொல்ல முடியாது."

"தெரியும் சார்."

"அந்தப் படிவம் இருக்கில்லையா, அதுல ஒரு கட்டம் இருக்கு பார். உனக்கு முன்னாடி இருந்தவங்க நோட்டுல எழுதலைன்னா அது அவங்க தப்பு. பேரைப் போடும்மா. அவங்க அடுத்த முறையிலேர்ந்து எட்டு மணி நேரம் நமக்கு வரும். நவம்பர்லயே முடிச்சிடலாம். தனி லைன் வேணும்னு கேக்கறதுக்கும் இதைவிட நல்ல சாட்சி கிடையாது."

குழலி போன் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"யோசிச்சு எழுதுறேன் சார்."

"சரி. படிவம் உன் பேர்ல வந்தது. நீ எழுதறதுதான். நேரே அனுப்பிடு, நான் பார்க்கணும்னு இல்லை."

போனை வைத்ததும் மீரான் பாய் கேட்டார், "என்ன தாயி, ஏதும் சிக்கலா?"

அவள் பட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை; இடியாப்பத்தைப் பற்றிச் சொன்னாள். யார் மிளகாய் என்று சொல்லவில்லை. பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அந்தத் தனி மிஷின் வந்த நாளுல இருந்து குருணையை நாங்க மறந்தே போயிட்டோம்மா. இவனுக்கு நான் சொல்லிக் கொடுக்கவே இல்ல. தனித்தனியா ஆயிட்டா இனி எதுக்குன்னு விட்டாச்சு. மோட்டாரு எரியும், திரும்ப ஒண்ணாத்தான் அரைக்கணும்னு நெனைக்கலியே." ஏசுதாசன் பக்கம் திரும்பினார். "ஏலே, உள்ள போயி ஒரு சட்டியில குருணை கொண்டா. மிஷின் பக்கத்துலயே இருக்கட்டும். தனி மிஷின் திரும்பி வந்தாலும் அது அங்கனதான் இருக்கணும்."

"கோழிக்கு யாரு முதலாளி கொண்டு போவா?"

"நீ கோழி வளர்லே."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். குழலி சிரிக்கவில்லை. பாய் சொன்னதையே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

*

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். பெரியப்பா குடும்பம் வருவதும் போவதுமாக வீடு அல்லோலப்பட்டது. அவள் உள்ளறையான அரங்கு வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள்.

தூள் வேலைக்குத் தனி மடை வேண்டும் என்ற கருத்தை அவள் மாற்றிக்கொள்ளவில்லை. இன்னும் உறுதியாக எழுதினாள். தினமும் கழற்றி மாட்டுகிற இடத்தில் நுட்பமான அளவு நிலைக்காது. ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை எப்படி வந்தது என்பதற்குத் தன் கணக்கையே எடுத்து வைத்தாள். வெளிவர இருந்த கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதினாள். ஆனால் இருக்கிற மடையிலிருந்து மற்றவர்களை வெளியேற்றித் தூளுக்குக் கொடுக்க வேண்டாம், புதிதாக ஒன்று கட்டுங்கள், கட்டும் வரை காத்திருக்கிறோம் என்று எழுதினாள். வருஷத்துக்கு ஒருநாளோ இரண்டு நாளோ மட்டும் கிடைத்துத் தொலைவிலிருந்து வருகிறவர்களுக்குப் பொதுமடைதான் கதி. அவர்களில் ஒருத்தியாகத்தான் அவளும் உள்ளே நுழைந்தாள்.

கடைசியாக ஒரு பத்தி சேர்த்தாள். தனியாக இருந்தாலும் பொதுவாக இருந்தாலும், வேலை முடித்துப் போகிறவர் அடுத்து வருகிறவருக்காகச் சிலிக்கான் தூளை ஒருமுறை அளந்து, எண்ணை நோட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும். அந்த நேரத்தை யாருடைய முறையிலும் கழிக்காமல் அந்த ஆராய்ச்சி நிலையமே கொடுக்க வேண்டும். அப்படி எழுதியிருந்தாலும் வருகிறவர் தாமும் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும்.

எல்லாம் எழுதி முடிந்தது. அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

அதை நிரப்பாமலே அனுப்பலாம். ஆனால் நிரப்பாவிட்டால் அவர்கள் நோட்டைப் பார்ப்பார்கள். மார்ச் மாதம் அவளுக்கு முன்னால் இருந்தது யார் என்று தேதி சொல்லிவிடும். எழுதாமல் விட்டது யார் என்றும் தெரிந்துவிடும். அவரிடமிருந்து எட்டு மணி நேரத்தைப் பிடுங்கி அவளுக்குக் கொடுப்பார்கள். அவர் ஏற்கெனவே கொடுத்த எட்டு மணி நேரத்தோடு இன்னொரு எட்டு மணி நேரம்.

*

வியாழக்கிழமை எல்லாரும் குற்றாலம் புறப்பட்டார்கள். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. சாரல் விடாமல் பெய்தது. அருவியில் தண்ணீர் பொங்கி விழுந்ததால் வரிசை கடைத்தெரு வரை நீண்டிருந்தது.

"நீ வரலையாட்டி?" என்றாள் பெரியம்மா, தலையில் எண்ணெயைத் தேய்த்தபடி.

"நீங்க போங்க பெரியம்மா. கோயிலுக்குப் போயிட்டு வாரேன்."

குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டு அம்மன் சந்நிதிக்கு வந்தாள். அம்மனின் பெயரைத்தான் அவளுக்கு வைத்திருந்தார்கள். வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை. ஒரு வருஷம் தாமதமானால் ஆகட்டும், அதைத் தாங்குகிற தெம்பைக் கொடு என்று மட்டும் மனசுக்குள் சொன்னாள். குருக்கள் குங்குமம் கொடுத்தார்.

பிராகாரத்தில் ஆளில்லாத ஒரு மூலையில், மழைநீர் தெறிக்காத தூண் ஓரத்தில் உட்கார்ந்தாள். அருவியின் இரைச்சல் அங்கேயும் கேட்டது. தோள்பையிலிருந்து படிவத்தை எடுத்து மடியில் விரித்தாள்.

நேர இழப்புக்குக் காரணமானவர் பெயர்.

அளப்பதற்கு முன் சிலிக்கான் தூளை வைத்துச் சரிபார்ப்பது அளப்பவருடைய கடமை. அதை அவள் செய்யவில்லை. இது பொய்யில்லை என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு பேனாவைத் திறந்து ஆங்கிலத்தில் தன் பெயரை எழுதினாள். அவ்வளவு நீளமான பெயருக்கு அந்தக் கட்டத்தில் இடம் போதவில்லை. கடைசி நாலு எழுத்து கோட்டைத் தாண்டி வெளியே நின்றது. பக்கத்தில் எழுதினாள்: சரிபார்க்காமல் தொடங்கியது என் தவறு. இதற்காக எனக்கு நேரம் எதுவும் தர வேண்டியதில்லை.

மை காயும் வரை ஊதினாள். மடித்து உறைக்குள் வைத்து, நாக்கால் நனைத்து ஒட்டினாள்.

கோயிலை விட்டு இறங்கித் தபாலாபீசுக்குப் போனாள். ஜன்னலுக்கு அப்பால் இருந்தவர் உறையை எடைபோட்டு, இங்கிலாந்தா என்று கேட்டு, வெளிநாட்டுத் தபாலுக்கான ஸ்டாம்புகளைக் கிழித்துக் கொடுத்தார். அவற்றை ஒட்டி அவளே கொண்டுபோய் வாசலில் இருந்த சிவப்புப் பெட்டியில் போட்டாள். உறை உள்ளே விழுந்த சத்தம் அருவி இரைச்சலில் அவளுக்கே கேட்கவில்லை.